பெருக்கித் தள்ளிய புங்கம்பூ

அருமைத் தங்கச்சி ஆரோக்கியத்துக்கு,

அருமை என்று எழுதிவிட்டேன், அடிக்க மனசு வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஊரே உன்னை நினைத்து அழுதது. எனக்கு மட்டும் உன்மேல் உள்ள பொறாமை இன்னும் அடங்கவில்லை. செத்தவளிடம் என்ன பொறாமை என்பாய். நீ உயிரோடு இருந்தபோதாவது அவ்வப்போது சண்டை போட்டு ஆற்றிக்கொள்வேன்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். ஆனால் எதையும் மறக்கிறவள் இல்லை. அண்ணனுக்கு நானும் தம்பிக்கு நீயும் வாழ்க்கைப்பட்டு, மண்ணூரில் ஒரே அடுப்பில் உலை வைத்தோம். சாயங்காலம் ஆனால் நீ கையைத் துடைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவாய், நாரை இறங்குவதைப் பார்க்க. கருவாட்டுக் குழம்புச் சட்டியை நான்தான் தேய்ப்பேன். திரும்பி வந்து, "அக்கா, தண்ணி மேல வெயிலு இன்னாமா மின்னுது தெரியுமா!" என்பாய். மின்னட்டுமே. சட்டி மின்னியது யாரால்?

டீ குடித்தாலும் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாய். மழை வந்தால் நான் வடகத்தை அள்ள ஓடுவேன், நீ வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்பாய். அந்த வருஷ வடகம் பூஞ்சை பிடித்தது உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது.

அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். என் பிள்ளையை எடுத்துக்கொண்டாயே? உனக்குப் பிள்ளை இல்லை என்று ஸ்டீபனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனாய். பெற்றவள் நான். தலைக்கு ஊற்றியதும், அடித்துப் பள்ளிக்கு அனுப்பியதும் நான். இன்றைக்குக் கார்க் கம்பெனியில் லைனில் நிற்கிறான். காலை ஷிப்ட் வாரத்தில் கம்பெனி பஸ் நாலு மணிக்கு இறக்கிவிடும். அவன் கால் வீட்டுக்கு வருவதில்லை, கரைக்குப் போகிறது. புங்கமரத்தடியில் பேசாமல் உட்கார்ந்துகொள்கிறான். என்னிடம் அவனுக்கு இரண்டு கேள்விதான்: "சாப்ட்டியா? மாத்திர போட்டியா?" உன் பேரை என் எதிரில் எடுப்பதில்லை. எடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன் என்று அவனுக்குத் தெரியும்.

இந்தச் சித்திரையில் உன்னை ஒரு படி முந்திவிடப் பார்த்தேன். பிள்ளை உட்காரும் இடத்தை நீ என்றைக்காவது சுத்தம் செய்து கொடுத்திருக்கிறாயா? மதியமே துடைப்பத்தோடு போனேன். மரத்தடி முழுக்கப் புங்கம்பூ, அரிசி புடைத்த இடத்தில் நொய் சிந்தின மாதிரி. இடுப்பு ஒடிய ஒன்றுவிடாமல் பெருக்கிச் சரிவில் தள்ளினேன். தண்ணீரும் தெளித்துவிட்டு, பிள்ளை மெச்சுவான் என்று காத்து நின்றேன்.

வந்தவன் பத்தடி தள்ளியே நின்றுவிட்டான்.

"யாரும்மா பெருக்குனது?"

"நான்தான்டா. நீ குந்துற எடம் ஒரே குப்பையா கீது."

"அது குப்ப இல்லம்மா. பத்து நாளுதான் கொட்டும். அதப் பாக்கத்தான் வர்றேன். காலைலேந்து குனிஞ்சுக்கினு போல்ட்டு முடுக்குறேன். சின்னம்மா அதுமேல கால்கூட வெக்கமாட்டாங்க, சுத்திக்கினு வருவாங்க."

திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அவன் வெறுந்தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பது தாண்டியவன், சோறு கொட்டிப்போன பிள்ளைபோல நின்றான். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை, உனக்குத் தெரியும். "நாளைக்குக் கொட்டாதா இன்னா?" என்றேன்.

சிரித்துவிட்டான். "கொட்டும். நீயும் வா. தொடப்பத்த வூட்ல வெச்சிட்டு வா."

மறுநாள் போனேன். எதிர்க்கரையில் கம்பெனிச் சுவர், லாரிச் சத்தம். "இன்னாடா பாக்கணும்?" என்றேன். "ஒண்ணும் பாக்காத. சும்மா குந்து" என்றான். குந்தினேன். கொஞ்ச நேரத்தில் காற்று அசைந்தது. மடியில், தோளில், முழங்கையில் பூ விழுந்தது. கனமே இல்லை. தட்டிவிடக் கை போனது. "தட்டாதம்மா" என்றான். தட்டவில்லை. கால் மரத்துப்போகும்வரை அசையாமல் இருந்தேன். நெஞ்சில் எதுவோ லேசாயிற்று. அதற்கு என்ன பேர் ஆரோக்கியம்?

அடிப்பாவி, இதையா இத்தனை வருஷம் எனக்குக் காட்டாமல் தனியாகத் தின்றாய் என்று வயிறு எரிந்தது. எரிந்தபோதே ஞாபகமும் வந்து தொலைத்தது. நீ கூப்பிட்டாய். மாமியார் காரியம் முடிந்த மறுவாரம் கூப்பிட்டாய். "பாத்திரத்த நான் கழுவுறேன், நீ போய்ப் பாருக்கா" என்றும் சொன்னாய். படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள், "எனக்குப் பதிலா ஒரு தபா போய்ப் பாத்துட்டு வந்து சொல்லேன்க்கா" என்றாய். நான் தெருமுனை வரை போய் நின்றுவிட்டுத் திரும்பினேன். "ஒண்ணும் இல்ல, தண்ணிதான் கீது" என்றேன். நீ சிரித்தாய். நான் கரைக்குப் போகவே இல்லை. அது தெரிந்துதான் சிரித்தாயா?

இதை யாரிடமும் சொன்னதில்லை. கல்லறைத் திருநாளில் உன் தலைமாட்டில் மெழுகுவர்த்தி வைத்தபோதுகூடச் சொல்லவில்லை.

நேற்றும் போயிருந்தோம். "சின்னம்மா இருந்தா..." என்று ஆரம்பித்தவன் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "சொல்லுடா, இருந்தா இன்னா சொல்லுவா?" என்றேன். எழுந்திருக்கவில்லை. இருட்டும்வரை உன்னைப் பற்றியே பேசினான். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு முள்தான். ஆனாலும் அவன் என்னிடம் இவ்வளவு பேசி எத்தனை வருஷம்!

பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் காலை ஷிப்ட் வாரம் தவறாமல் போவேன், பார்த்ததைப் பார்த்தபடி உனக்குச் சொல்வேன். நேற்றையது இது: ஏரி பாதி வற்றிவிட்டது. நடுவில் நாலு நாரை இறங்கியது. ஒன்று ஒற்றைக்காலில் நின்றது. தண்ணீர் மேல் வெயில், நீ சொன்னதைவிட அதிகமாகவே மின்னியது.

உன் ஓரகத்தி, ஸ்டீபனைப் பெற்றவள்,
அந்தோணியம்மா