பீடத்தில் வெட்டிய பெயர்

அன்புள்ள குருவம்மாளுக்கு,

எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். கல்லில் நேராகப் போகும் கை தாளில் நடுங்குகிறது. உன் முழங்கால் வலி தேவலையா?

எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், முன்பு விரதமிருந்து நான் செய்த குற்றாலத்து அம்மனைப் பார்க்கப் போனேன். பீடத்தில் ‘சிற்பி சந்தானகிருஷ்ணன்’ என்றிருந்தது, எங்கள் பட்டறை முதலாளியின் பெயர். தாளைப் பார்த்து அதை வெட்டியவன் நான்தான். என் பெயர் என்றே நினைத்திருந்தேன்.

முதலாளியிடம் கேட்டேன். “ஏன் அண்ணாச்சி, நாலெழுத்து படிச்சதும் பேரு கேக்குதோ?” என்று சிரித்தார்.

இப்போது செய்யும் அம்மனின் பீடத்திலும் முதலாளி பெயர்தான் வெட்ட வேண்டுமாம். அதை மாற்றாமல் அம்மனுக்குக் கண் செதுக்கித் திறக்கமாட்டேன் என்றேன். கண் திறக்க வேறு ஆளை வரச்சொல்லிவிட்டார்.

தென்காசியில் சாரல் அதிகம். போர்வையைக் கொடுத்துவிடு. அடுத்த வாரமும் எழுதுவேன். உறை மேல் என் பெயரை நானே எழுதியிருக்கிறேன். இதை யாராவது படித்துக் காட்டியதும், உனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் அதைத் தடவிப் பார்.

மாடக்கண்ணு