அண்ணன் வெட்டிய பேண்ட்

1938 ஜூலை 10, ஞாயிறு இரவு.

இன்று அண்ணனைச் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பால் அடித்துவிட்டேன். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது.

புதன்கிழமை என் சேலை சைக்கிள் செயினில் சிக்கி, விழுந்து முழங்கால் தோல் பிய்ந்தது. வரும் சனிக்கிழமை பரேடு மைதானத்தில் பெண்களுக்குச் சைக்கிள் பந்தயம். அதனால் அண்ணனின் பழைய பேண்ட்டை இடுப்பில் பிடித்துத் தைத்து, அதைப் போட்டுக்கொண்டு காலையில் பழகப் போனேன். அடடா, என்ன வேகம்! கால் துணி மட்டும் செயினில் உரசிக்கொண்டே வந்தது.

சர்ச் முனையில் அண்ணன் ஹேண்டில் பாரைப் பிடித்து என்னைக் கீழே தள்ளினான். "என்னாடி வேஷம் இது? ஊரே பாக்குது!" என்று கன்னத்தில் அறைந்தான்.

"நீ சேலை கட்டினு ஓட்டிப் பாரேன், தெரியும்!" என்றேன். மறுபடி கை ஓங்கினான். அப்போதுதான் பம்பை உருவினேன்.

வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலால் பேண்ட்டை முழங்காலுக்குக் கீழே நறுக்கி என் முகத்தில் எறிந்தான். "இப்ப போட்டுனு போடி, பாக்கலாம்!" அம்மா அழுதாள். நானும் அழுதேன்.

இப்போது அதைப் போட்டுப் பார்த்தேன். செயினில் உரச இனி ஒன்றுமே இல்லை. ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டேன். அடுத்த அறையில் அவன் முனகுவது கேட்கிறது. பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கத்தரிக்கோலை ஒளித்துவைத்துவிட்டுத்தான் படுப்பேன்.