மில் வாசலில் நின்று தீர்ப்புச் சொன்ன அக்காவுக்கு

என் பிரியமுள்ள பாவாயக்கா,

உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீ உயிரோடு இருந்தபோதே உனக்கு நான் ஒரு கடுதாசி போட்டதில்லை. போட்டால் வெண்ணந்தூரில் யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்ல வேண்டும், அந்த ஆள் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவான் என்று நீதான் வேண்டாமென்றாய். இப்போது ஊரே படிக்கட்டும் என்று பத்திரிகைக்கே அனுப்புகிறேன். சத்தம் போட்டுப் படிக்கிற பழக்கமுள்ளவர் ஒருவர் கையில் கிடைத்தால் உன் காதிலும் விழாதா?

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. யுத்தம் இன்னும் முடியவில்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கிறோம். உன் சிவப்பு மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. மச்சான் நேரத்துக்குச் சாப்பிடுகிறார். என்னிடம் மட்டும் கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

உன் மகள் நல்லாயி தலைப்பிரசவத்துக்குச் சேலத்தில் நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அம்மா இல்லாத வீட்டுக்கு அவளை எப்படி அனுப்புவது என்று சம்பந்தி வீட்டில் தயங்கினார்கள். "மாமன் ஊடு இருக்குதுங்க" என்று நான்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். அதே மாதத்தில் மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய தரகர் என்னைக் கூட்டாளியாகச் சேரும்படி கேட்டிருந்தார். சேர்ந்தால் குடும்பத்தோடு அங்கே போய்விட வேண்டும். இரண்டையும் நான் எப்படிச் சமாளித்தேன் என்று உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் ஷேர் வியாபாரத்துக்கு வந்த கதையை இந்த ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டைக் கடலை மண்டியில் குமாஸ்தாவாக இருந்தவன், மூளையை வைத்துப் பிழைத்துக்கொண்டான் என்கிறார்கள். யாருடைய மூளை என்று எனக்கும் உனக்கும்தானே தெரியும்?

என் பங்குக்கு வந்த மேட்டுக்காட்டை விற்றுக் கோயமுத்தூர் மில் ஷேர் வாங்கப்போகிறேன் என்று நான் வந்து சொன்னபோது நீ மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாய். திட்டப்போகிறாய் என்று நினைத்தேன். நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மில்லைப் போய்ப் பாத்தியா?"

"அதெல்லாம் பாக்க வேண்டியதில்லக்கா. புஸ்தகம் போட்டு அனுப்பறாங்க. லாபம், நஷ்டம் எல்லாம் அதுலயே இருக்குது."

"ஏந்தம்பி, ஒரு மாடு வாங்கறதுன்னா பல்லைப் புடிச்சுப் பாக்கறோம், சுழி பாக்கறோம், நாலடி நடக்க உட்டுப் பாக்கறோம். காட்டை வித்து வாங்கறதப் பாக்காம வாங்குவியா? நானும் வாரேன், நட."

மாடு பிடிக்கிற மாதிரி மில் பிடிக்கப் போனவர்கள் இந்த ஜில்லாவிலேயே நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம். நீ அதுவரை ரயிலில் ஏறியதில்லை. ஈரோட்டுக்கு முன்னால் காவிரிப் பாலத்தில் வண்டி போனபோது கையெடுத்துக் கும்பிட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த காலணாவைத் தண்ணீரில் போட்டாய். எதிரே உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். அவருக்கும் ஒரு கடலை உருண்டை கொடுத்து வாயை அடைத்தாய்.

முதலில் பார்த்த மில் புது வெள்ளையடித்துப் பளபளவென்று நின்றது. நான் வாங்க நினைத்திருந்தது அதைத்தான். சங்கு ஊதி ஆட்கள் வெளியே வரும்வரை வாசலுக்கு எதிரே புளியமரத்தடியில் நின்றோம். நான் கட்டடத்தைப் பார்த்தேன். நீ வாசலில் பணியாரம் விற்றுக்கொண்டிருந்த பொம்பளையைப் பார்த்தாய். போய் அவளிடம் பேச்சும் கொடுத்தாய். திரும்பி வந்து, "இது வேண்டாஞ்சாமி" என்றாய்.

"ஏனுக்கா?"

"கையில காசு இருந்தாத்தான் பணியாரம் தருவாளாம். மொதல்ல கடனாக் குடுத்துட்டு வாரக் கடைசில காசு வாங்கிக்குவாளாம், இப்ப நிறுத்திப்போட்டா. உள்ளே கூலி ஒழுங்கா வாரதில்லைன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. அவளுக்குத் தெரிஞ்சது உன்ற புஸ்தகத்துல இருக்குதா?"

இல்லை. அடுத்த வருஷம் அந்த மில் மூடிக் கிடந்தது. நீ கை காட்டிய மில் காரை பெயர்ந்து, பார்க்கச் சகிக்காமல் இருந்தது. ஆனால் வாசலில் மூன்று கூடைக்காரிகள். மூன்று பேரிடமும் கூட்டம். அந்த ஷேர்தான் எனக்கு வீடு வாங்கித் தந்தது, கார் வாங்கித் தந்தது, சேலத்தில் பெரிய மனுஷன் என்ற பேரையும் வாங்கித் தந்தது.

அதற்குப் பிறகு அறுவடை முடிந்ததும் வருஷா வருஷம் போனோம். கோயமுத்தூர், திருப்பூர், ஒருமுறை மதுரைகூட. மச்சான் முணுமுணுப்பார், நீ காதில் போட்டுக்கொள்ள மாட்டாய். ஒரு மில்லைப் பற்றி நீ ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, ரயில் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே வருவோம். நான் ஜெயித்த வருஷங்களும் உண்டு, அதை மறந்துவிடாதே.

பிறகு யுத்தம் வந்தது. துணிக்கு ராஜ யோகம். மில் ஷேர் எல்லாம் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. என் ஆபீஸுக்கு டெலிபோன் வந்தது. பம்பாயிலிருந்து தினமும் விலைத் தந்தி வந்தது. "இந்த வருசம் எப்பத் தம்பி போலாம்?" என்று நீ கேட்டாய்.

"இனிமே போகத் தேவையில்லக்கா. எல்லாம் போன்லயே தெரிஞ்சிரும்."

"அப்படியா சாமி? அப்பச் சரி."

உனக்கு அலைச்சல் மிச்சம் என்று நான் நினைத்துக்கொண்டேன். என்ன ஒரு நினைப்பு, பார்! எனக்கே அது நஷ்டம் என்று அப்போது தெரியவில்லை. முன்னைப்போல் பத்து மடங்கு சம்பாதித்தேன். ஆனால் ஒரு மில்லின் முகமும் தெரியாமல் வாங்கினேன், விற்றேன். சாப்பிடும்போதுகூடக் காது டெலிபோன் பக்கமே இருந்தது. முன்பு நான் செய்ததற்குப் பெயர் வியாபாரம். இதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

காலை பத்து மணிக்கு உன் பண்ணையாள் சின்னான் என் ஆபீஸுக்கு வந்தார். "அம்மிணிக்கு ரொம்ப முடியலீங்க. தம்பியக் கையோட கூட்டியாரச் சொன்னாங்க" என்றார். பதினோரு மணிக்கு பஸ் இருந்தது. அக்கா, அந்த பஸ்ஸில் இடமும் இருந்தது. ஆனால் அன்றைக்குப் பம்பாயில் விலை உச்சத்துக்குப் போய் உடையப்போகிறது என்று பேச்சு. தந்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று சின்னானை முன்னே அனுப்பிவிட்டேன். உனக்கு மார்ச்சளி வருவதும் போவதும் வழக்கம்தானே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தந்தி ஒன்றரை மணிக்கு வந்தது. கையிலிருந்ததை எல்லாம் உச்ச விலையில் விற்றேன். என் ஆயுசில் அப்படி ஒரு நாள் விற்றதில்லை. மூன்று மணி பஸ்ஸில் ஏறியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைத்தான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் மறைக்க முடியுமா?

பெட்ரோல் இல்லாத காலம், என் கார் கொட்டகையில் கிடந்தது. பஸ்ஸெல்லாம் கரி அடுப்பில் ஓடுகிற கரி பஸ். மல்லூரில் நிறுத்தி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். எதிரே சைக்கிளில் மச்சானுடைய பங்காளி வந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கினார்.

"தம்பி, எறங்குங்க. இதுக்கு மேல அவசரமில்லீங்க. திரும்பிப் போயிக் கோடி எடுத்துட்டு வந்துருங்க."

பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்தாமல் ஒருத்தியை எடுக்க மாட்டார்கள். அதைத் தம்பிதான் கொண்டு வர வேண்டும். நீ மல்லூருக்கு அந்தப் பக்கம் கிடக்க, நான் இந்தப் பக்கம் திரும்பிப் போனேன்.

ஜவுளிக் கடையில், "இருக்கிறதிலேயே ஒசத்தியான பட்டு எடுங்க" என்றேன். கடைக்காரர் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டார். கலர் கலராகப் போட்டார், முகூர்த்தம் எங்கே என்று கேட்டார். நான் பணத்தை எண்ணி வைத்தேன். நல்ல காரியத்துக்கு என்று அவராகவே மஞ்சளும் குங்குமமும் பூவும் வைத்துக் கட்டிக்கொடுத்தார். நான் அப்படியே வாங்கிக்கொண்டு வந்தேன்.

உன் தலைமாட்டில் அந்தப் பொட்டலத்தைப் பிரித்தபோது பெண்டுகள் எல்லாம் என்னை மெச்சினார்கள். "சுமங்கலியாப் போனவளுக்கு மஞ்ச குங்குமம் முதக்கொண்டு மறக்காமக் கொண்டாந்திருக்கறான் பாரு. தம்பின்னா இப்படியல்ல இருக்கோணும்!" நான் தலையைக் குனிந்து நின்றேன். துக்கத்தில் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு மச்சான் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்கக்கா காத்தாலயே என்னைப் புடிச்சு எந்திரிச்சு உக்காந்துட்டா, மாப்ள. தலை சீவி உடச் சொன்னா. படுத்துக் கெடந்தா தம்பி பயந்துக்குவான்னு. ரெண்டு மணி வரைக்கும் உக்காந்தே இருந்தா."

அவ்வளவுதான். ஒரு பழி இல்லை, ஒரு ஏச்சு இல்லை. நாலு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் தொழிலை விட்டுவிடவில்லை, அக்கா. விட்டால் நல்லவனாகிவிடலாம் என்று சில பேர் சொன்னார்கள். எனக்கு இந்தத் தொழில் பிடிக்கும். ஒரு மில்லை எடை போட்டு, அது நாம் நினைத்தபடி தலையெடுக்கும்போது வருகிற சந்தோஷம் பொய்யில்லை. அதில் நீயும் பங்கெடுத்தவள்தானே? போன தையில் தனியாகத் திருப்பூர் போய் ஒரு மில் வாசலில் நின்றேன். பணியாரம் வாங்கித் தின்றேன். பேச ஆளில்லாமல் அடுத்த வண்டியிலேயே திரும்பிவிட்டேன்.

அப்போதுதான் மெட்ராஸ்காரர் கூப்பிட்டார். ஆசை இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். பதிலை இழுத்தடித்துக்கொண்டே இருந்தேன். போன வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு டெலிபோனில் பேசி முடிவு சொல்வதாக ஏற்பாடு. அன்று காலையிலேயே நல்லாயிக்கு வலி எடுத்துவிட்டது.

மருத்துவச்சி உள்ளே இருந்தாள். உன் தம்பி பொண்டாட்டி வெந்நீரோடு ஓடிக்கொண்டிருந்தாள். ஆம்பிளைக்கு அங்கே என்ன வேலை? கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளிருந்து குரல் வந்தது.

"மாமா, இருக்கறீங்களா?"

"இருக்கறேன் சாமி."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். "மாமா?" "இருக்கறேன்." பதினோரு மணிக்குக் குமாஸ்தா ஆபீஸிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தார். "மெட்ராஸ் லைன்ல இருக்குதுங்க! எதிர்த்த தெருதானுங்களே, அஞ்சு நிமிசம்!" என் கால் ஒரு அடி எடுத்து வைத்தது உண்மை. உள்ளே மறுபடி, "மாமா?"

"இருக்கறேன் சாமி. எங்கயும் போகலை."

குமாஸ்தாவைக் கையாட்டிப் போகச் சொன்னேன். அந்த இடம் இப்போது வேறொருவருக்குப் போய்விட்டது. வயிறு எரியத்தான் செய்கிறது. நேற்றுக்கூட அதை நினைத்துக்கொண்டு சாம்பாரில் உப்பில்லை என்று சண்டை போட்டேன்.

பகல் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். என்னை உள்ளே விட்டதும் நல்லாயி தலையில் கை வைத்து, "என்ன சாமி, அத்தனை தரம் கூப்பிட்டே? ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டேன். உன் மகளுக்கு உன்னைப்போல் மழுப்பத் தெரியாது.

"வலிக்கு இல்லீங்க மாமா. நீங்க போயிருப்பீங்கன்னு நெனச்சேன். போயிட்டீங்களா, இருக்கறீங்களான்னு பாக்கத்தான் கூப்பிட்டேன்."

எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அக்கா. உன் தலையைச் சீவி விட்டவளே அவள்தானாம். அன்றைக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நீ எப்போதோ மன்னித்திருப்பாய், அதனால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். உன் மகள் இனி எத்தனை தரம் கூப்பிட்டாலும் அத்தனை தரமும் பதில் சொல்வேன். இவன் இருக்கிறானா என்று பார்க்க அவள் என்னைக் கூப்பிட வேண்டிய தேவையே இல்லாமல் போகும் வரைக்கும் சொல்வேன்.

உன் கூடப் பிறந்தவன்,
நல்லாயியின் மாமன்,
முத்து