மரத்தூளில் தெளித்த தண்ணீர்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போக மறுக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய், நன்றாக இருக்கிறாய் என்பதெல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும், போன் செய்தால் அவளோடு பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். நீ அந்த உலைக் கம்பெனியில் சேர்ந்த அன்றைக்கு "குப்பையக் கொளுத்தவா உன்ன இவ்வளவு படிக்க வச்சேன்" என்று நான் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்தப் பேச்சுக்குக் கடைசியில் வருகிறேன், முதலில் எனக்கு ஒரு சந்தேகம் தீர வேண்டும், அதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் கேட்க வெட்கமாக இருக்கிறது.

எங்கள் சலவை நிலையத்துப் பாய்லர் புகையால் தெருக்காரர்கள் சண்டைக்கு வந்ததும் முதலாளி பக்கத்திலேயே ஒரு புது உலையை அமைத்துவிட்டார். தச்சுப் பட்டறைகள் கழித்துப் போடும் மரச்சில்லும் தூளும்தான் அதற்குத் தீனி, மூடிய தொட்டிக்குள் காற்றைக் கொஞ்சமாக அளந்து விடுவார்கள், மரம் முழுதாக எரியாமல் வெந்து வாயுவாகிக் குழாய் வழியே வந்து பாய்லருக்கு அடியில் எரியும். முப்பது வருஷம் தீயோடு மாரடித்தவன் நான், புகையைப் பிடித்து எரிப்பார்களாம், யார் காதில் பூ சுற்றுகிறார்கள் என்று நினைத்தேன். முதல் நாள் அந்த நீலத் தீயைப் பார்த்தேன் பார், சாப்பாட்டு மணி அடித்ததுகூடக் காதில் விழவில்லை. அதை அமைத்துத் தந்தது உலை விற்ற கம்பெனியிலிருந்து வந்த ஒரு பொண்ணு, உன் வயதுதான் இருக்கும், வாய் ஓயாமல் நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

மூன்றாவது வாரம் தீ மஞ்சளாகி, மங்கி, ஒருநாள் அணைந்தே போனது. குழாயெல்லாம் கறுப்பாகத் தார் அடைத்துக் கிடக்கிறது, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் சொட்டச் சொட்ட மலையாகக் குவிந்து கிடக்கின்றன. முதலாளி அந்தப் பெண்ணை வரவழைத்து எங்கள் எல்லார் முன்னாலும் இதற்காகத்தான் அவ்வளவு படித்தாயா என்று கேட்டார். அவள் தாரைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஒரு கைப்பிடி தூளை அள்ளிப் பிழிந்து பார்த்து, இது எப்படி ஈரமானது என்று கேட்டாள். கூரை ஒழுகியிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். முன்பு பாய்லர் அடுப்பில் நேராகவே தூளை எரித்தபோது, அது பறந்து கண்ணில் விழாமல் இருக்க, அள்ளிப் போடுவதற்கு முன் ஒரு வாளி தண்ணீர் தெளிப்பது எங்கள் வழக்கம், புது உலைக்கும் தினம் காலையில் நான்தான் தெளித்திருக்கிறேன். வாயைத் திறக்கவில்லை. நாளைக்கே லாரி வரும், உலையைத் திருப்பி எடுத்துப் போங்கள் என்று முதலாளி சொன்னபோதும் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, அந்தப் பெண் இடத்தில் நம் பெண் நின்றிருந்தால் என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. மறுநாள் லாரி வாசலில் நிற்கும்போதே முதலாளியிடம் போய், "தண்ணி தெளிச்சது நான். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல" என்று சொல்லிவிட்டேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு லாரியைத் திருப்பி அனுப்பினார். ரெண்டு நாள் நானும் அவளும் தூளை வெயிலில் காயவைத்தோம், குழாயைச் சுத்தம் செய்தோம். ஈரம் இருந்தால் சூடெல்லாம் தண்ணீரைக் காய்ச்சுவதிலேயே போய்விடும், தார் உடைந்து வாயுவாகாது என்று அப்போது சொன்னாள். மூன்றாம் நாள் அதே நீலத் தீ வந்தது.

நீ பள்ளிக்கூடம் போகும்போது மெழுகுவத்தியை ஊதி அணைத்து, எழும் புகையில் தீக்குச்சியைக் காட்டுவாய், தீ புகை வழியாக இறங்கித் திரியைப் பிடிக்கும், நான் தீக்குச்சி வீணாகிறது என்று அதட்டுவேன், ஞாபகம் இருக்கிறதா. நேற்று சாயங்காலம் உட்கார்ந்து ஒரு பெட்டி முழுக்க நானே தீர்த்துவிட்டேன், இந்தத் தடவை அம்மா அதட்டினாள். என் சந்தேகம் இதுதான், வயிறு நிறையக் காற்று கொடுத்தால் மரம் அங்கேயே எரிந்து தீர்கிறது, அரை வயிறு கொடுத்தால் மட்டும் மிச்சம் அத்தனை தூரம் குழாயில் வந்தும் எரியும் குணம் மாறாமல் இருப்பது எப்படி? உலைக்கு அடியில் விழும் கரி மண்ணுக்கு நல்லது என்கிறாளே அந்தப் பெண், அது நிஜமா?

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன், பரவாயில்லை சார் என்றாள். உன்னிடம் கேட்கத்தான் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. அன்றைக்கு நான் பேசியது தப்பு கண்ணு, தெரியாத வேலையைப் பற்றித் தெரிந்தவன் மாதிரி பேசிவிட்டேன்.

நீ தொட்டது துலங்க வேண்டும், நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். அந்த வாயுவில் இருக்கும் விஷத்துக்கு வாசனையே கிடையாதாம், உலைப் பக்கம் போகுமுன் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள். இன்னொன்று, அடுத்த தடவை அம்மாவிடம் பேசிவிட்டு உடனே வைத்துவிடாதே. நீ கூப்பிடும்போதெல்லாம் நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா