வீட்டுப் படம் போட்ட பொத்தான்

கல்முனை
10.08.2009

ஷரிபுதீன் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாத்துக்குப் பதில் சொல்வது உங்கள்மேல் கடமை என்பதால் அதை முதலில் எழுதிவிட்டேன். சுகம் விசாரிக்க இப்போது எனக்கு மனமில்லை. வெள்ளிக்கிழமை நான் வாயெடுக்குமுன் போனை வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி இடையில் வெட்ட முடியாது. லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பும் உங்கள் கூட்டாளி ஸலாஹுதீனிடம் இதையும் ஒரு பொட்டலத்தையும் கொடுத்து விடுகிறேன். வாசித்த பிறகு பொட்டலத்தைப் பிரியுங்கள்.

உங்கள் தம்பி முஸ்தாக் சொன்னது உண்மைதான். ஓம், நான் தனியாகத்தான் போனேன். ஊர் சிரிக்குது என்று கத்தினீர்கள். கடல் வந்த அன்று உங்கள் உம்மாவை ஒரு கையிலும் நம் மகள் ஹிமாயாவை மறு கையிலும் இழுத்துக்கொண்டு ஓடியதும் தனியாகத்தான். கூடாரத்தில் மூன்று மழைக்காலம் கிடந்ததும் தனியாகத்தான். அப்போது இந்த ஊர் எங்கே போயிருந்தது?

ஸலாஹுதீனிடம் அந்த ஜீ.பி.எஸ் மெசினைக் கொடுத்தனுப்பியது நீங்கள். முஸ்தாக் வந்து எடுப்பார், பத்திரமாக வை என்றீர்கள். அதைச் சொன்ன வாயால்தான் விளையாட்டுக் கதையும் சொன்னீர்கள்: லீவு நாளில் நீங்களும் கூட்டாளிமாரும் மனதில் வந்த இலக்கங்களை அதில் அடித்து, அது காட்டும் இடத்துக்குப் பாலைவனத்தில் போய் நின்று படம் பிடிப்பீர்களாம். நீங்கள் போனால் பொழுதுபோக்கு, நான் போனால் மானக்கேடா?

முன் இலக்கங்களை நம் ஊருடையதாக வைத்து, பின் இலக்கங்களைப் பழைய பஸ் டிக்கெட் ஒன்றிலிருந்து எடுத்தேன். அது கடலுக்குள் விழுந்தது. கடலில் எனக்கு ஒரு வேலையும் இல்லை என்று வேறு டிக்கெட்டை எடுத்தேன். அது வீரமுனைக்கு அப்பால் வயல் வட்டைக்குள் விழுந்தது. சண்டை முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, நம் முஸ்லிம் ஆட்கள் அந்தத் தமிழ் ஊர்ப் பக்கம் போய்க் கனகாலம். பாகற்காய்ப் பைக்குள் மெசினை ஒளித்து, சென்றியில் சோதனைக்கு நின்ற ஆமிக்காரருக்குப் பாகற்காயை மட்டும் காட்டி, பஸ்ஸிலும் ஓட்டோவிலும் போய் மிச்சத்தை நடந்தேன்.

அங்கே ஒன்றுமே இல்லை. பாதி வெட்டிய வயல், வைக்கோல், இரண்டு கொக்கு. சோறு ஆகிவிட்டதா, எங்கே போகிறாய், யாரைக் கேட்டாய் என்று என்னை ஒருவரும் கேட்காத இடம். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அப்போதுதான் பின்னால் ஒரு பெண் கத்தினாள், சுனாமி வருது, வரம்புக்கு ஏறுங்க மகள் என்று.

என் உயிர் என்னிடம் இல்லை. கடல் எந்தப் பக்கம், ஹிமாயா எந்தப் பக்கம் என்று எதுவும் தெரியவில்லை. மெசினில் வீட்டுப் படம் போட்ட பொத்தான் இருந்தது. அதை அமர்த்தினேன். அம்புக்குறி காட்டிய பக்கமாகச் செருப்பையும் விட்டுவிட்டு ஓடி வாய்க்காலில் விழுந்தேன்.

வந்தது நெல் வெட்டும் பெரிய மெசின். வயலை ஒரே வழியாக வழித்துக்கொண்டு போவதால் அதற்குச் சுனாமி என்று பெயராம். கத்திய பெண் பூமணி, அந்த வயல்காரி. முதலில் சிரித்தாள். எந்த ஊர் என்று கேட்டாள், கல்முனைக் கடற்கரை என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. தெரியாமக் கத்திப்போட்டன் மகள் என்று என் காலில் இருந்த சேற்றை அவளே கழுவிவிட்டாள். பிறகு கேட்டாள், கல்முனை கிழக்காலதானே, நீ ஏன் பிள்ள மேற்கால ஓடினாய் என்று.

அப்போதுதான் மெசினைச் சரியாகப் பார்த்தேன். வீடு, மூவாயிரத்து எழுநூறு கிலோமீற்றர். கட்டாரில் நீங்கள் படுத்தெழும்பும் கேம்பை வீடு என்று பதிந்து வைத்திருக்கிறீர்கள்! பூமணியிடம் மெசின் பழுது என்றேன்.

திரும்பி வந்தால் முஸ்தாக் வாசல் கேட்டடியில் நிற்கிறார். என்னை ஏசிய வேகத்தில் விசயத்தையும் கொட்டிவிட்டார். இந்த வீட்டை அங்கே உங்களோடு வேலைசெய்யும் ஒருவருக்கு விற்கப்போகிறீர்களாம். அவர் கம்பியூட்டரில் பார்க்க வீடு நிற்கும் வளவின் இலக்கம் வேண்டுமாம். அதை எடுக்கத்தான் மெசினாம்.

நம் ஊரில் வீடு பெண்ணுக்கு. என் வாப்பா கட்டித் தந்த வீட்டுக்குத்தான் நீங்கள் மாப்பிள்ளையாகப் பெட்டியோடு வந்தீர்கள். அதைக் கடல் கொண்டுபோனது. அதற்குப் பதிலாகச் சுனாமி நிவாரணத்தில் கிடைத்தது இந்த வீடு. குடும்பத் தலைவர் யார் என்று கேட்டு, கட்டாரில் இருந்த உங்கள் பெயரை உறுதிப் பத்திரத்தில் எழுதினார்கள். புருஷன்தானே என்று நானும் பேசாமல் இருந்தேன். ஹிமாயாவுக்கு வயது பதினாலு. நாளைக்கு அவளை எந்த வீட்டில் வைத்துக் கட்டிக் கொடுப்பது? கடல் கேட்காமல் எடுத்தது. நீங்களும் கேட்காமல் எடுக்கிறீர்கள்.

உங்கள் வீடு அங்கே என்று உங்கள் கையாலேயே பதிந்துவிட்டீர்கள். அப்படியானால் இங்கே இருப்பது என்னுடையது. வந்து வீட்டு உறுதியை என் பெயருக்கு எழுதுங்கள்.

பொட்டலத்தில் இருப்பது அந்த மெசின்தான். முஸ்தாக்கிடம் கொடுக்கவில்லை. நேற்று ஹிமாயாவும் நானும் வாசற்படியில் நின்று, உங்கள் கேம்பை அழித்துவிட்டு, இந்தப் படியை வீடு என்று பதிந்தோம். நீங்கள் கேட்ட இலக்கம் அதற்குள் இருக்கிறது. விற்பதற்கும் அதே இலக்கம்தான், வருவதற்கும் அதே இலக்கம்தான்.

அங்கே வெயில் பொல்லாதது என்று ஸலாஹுதீன் சொன்னார். நோன்பும் வருகிறது. விடியுமுன் ஸஹருக்குத் தண்ணீர் குடிக்காமல் படுத்துவிட வேண்டாம். பாதை தவறி நிற்பவர்களை அல்லாஹ் அவரவர் வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பானாக.

ஸலாத்துக்குப் பதில் கடமை. அதை நீங்கள் போனில் சொல்ல வேண்டாம். இந்தப் படியில் வந்து நின்று சொல்லுங்கள்.

சுபைறா