சாவ்

11.6.2006, ஞாயிறு. இத்தாலி, ஜெனோவா, சேகர் வீடு.

இன்று மகன் துறைமுகம் சுற்றிக் காட்டினான். பெரிய பெரிய கப்பல்கள். கலங்கரை விளக்கத்தில் ஏற முட்டி ஒத்துழைக்காது என்று சொல்ல மனசு வரவில்லை. "நீங்க ஏறிக்கினு வாங்க. பழவேற்காட்டுல நான் பார்க்காத லைட்ஹவுஸா?" என்று கீழேயே உட்கார்ந்துவிட்டேன்.

பேத்தி மீனா படியில் நின்று கையாட்டி, "சாவ் பாட்டி!" என்றாள். ஆறு வயசுப் பிள்ளை. எனக்குத் திக்கென்றது. ஒரு மணி நேரம் பேச ஆளில்லாமல் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இறங்கி வந்த சேகரிடம் கேட்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தான். "ஐயோம்மா, போய்ட்டு வரேன்னு சொல்றதுக்கு இந்த ஊர்ல அதாம்மா வார்த்தை. நீயும் திருப்பிச் சொல்லு."

படுக்கப் போகும்போது மீனா கதவண்டை வந்து, "சாவ் பாட்டி" என்றாள். நான் சொல்வேன் என்று பார்த்துக்கினே நின்றாள். குழந்தையைப் பார்த்து அந்த வார்த்தை வாயில் வரவில்லை. "நல்லா இரு கண்ணு" என்றேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. முகம் வாடிப் போய்விட்டாள்.

நாளைக்கு எனக்குப் பிளேன். ஏர்போர்ட்டிலும் அவள் அதைத்தான் சொல்வாள்.