கோப்பின் கடைசி வரி

ஜூன் 3
மீனவர் சங்க அலுவலகத்தில் இன்றும் கணினி உறைந்து நின்றது. கடலில் நிற்கும் படகுகள் வானொலியில் அனுப்பும் இடம், பேட்டரி அளவு, சிக்னல் பலம் எல்லாவற்றையும் என் நிரல் கோப்பில் எழுதுகிறது. ஒவ்வொரு வரிக்கும் டிஸ்க்கைத் தட்டினால் பழைய கணினி என்ன செய்யும்? பொறுப்பாளர் ஹஸ்மி நானாவின் கதை கேட்க ஏலாது. "தங்கச்சி, இது கணினியோ எருமையோ?"

ஜூன் 5
பஃபர் போட்டேன், பெரிதாகவே. வரிகள் நினைவகத்தில் சேரும். நிறைந்ததும் மொத்தமாகக் கோப்புக்குப் போகும். மீனை ஒவ்வொன்றாகவா ஐஸ் பெட்டிக்குத் தூக்குகிறோம்? கூடை நிறையட்டும். கணினி பறக்கிறது. நானா தேத்தண்ணி வாங்கித் தந்தார். அதிசயம்தான்.

ஜூன் 11
மத்தியானம் கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி செத்து மாதக்கணக்கு; சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. கரண்ட் வந்த பிறகு என் தம்பி திலக்சனின் படகிலிருந்து ஒரு தகவலும் இல்லை. கோப்பைத் திறந்தேன். அவனுடைய கடைசி இடம் சம்பூர்க் கரைக்கு நேரே, விடியற்காலையில். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நினைவகத்தில் இருந்திருக்கிறது. கரண்டோடு போய்விட்டது.

"கரண்ட் போக முந்தி திரையில அவன வெருகல் பக்கம் கண்டனான் போல. சரியாச் சொல்ல ஏலாது" என்றார் நானா.

எங்கே தேடுவது? ஒரு படகு சம்பூருக்கு, ஒன்று வெருகலுக்கு. அம்மாவிடம் என்ன சொல்ல — ஏன் அப்பிடிச் செய்தனான்? கூடை நிறையட்டுமாம்.

ஜூன் 12
இன்னும் இல்லை.

ஜூன் 13
கிடைத்துவிட்டான். எஞ்சின் நின்று, பேட்டரியும் இறங்கி, வெருகலுக்கும் தெற்கே இழுபட்டுப் போயிருக்கிறான். அந்தப் பக்கத்து மீனவர்கள் கண்டு கட்டி இழுத்து வந்தார்கள். உதடெல்லாம் வெடிப்பு. "அக்கா, சோறு இருக்கோ?" என்றான். அழுதுவிட்டேன்.

ஜூன் 16
நிரலைத் திருத்தினேன். பேட்டரியும் சிக்னலும் பஃபரில் சேரட்டும். நாலு வரி தொலைந்தால் யாருக்கும் நட்டமில்லை. படகின் இடம் மட்டும் வந்த கையோடு டிஸ்க்கில் விழ வேண்டும். வேகம் கொஞ்சம் குறைந்தது.

அம்மாவுக்கும் விளக்கினேன். "அப்ப முதலே இப்பிடிச் செய்திருக்கலாமே, பிள்ளை?"

ஓம். செய்திருக்கலாம்.

ஜூலை 2
தம்பி நேற்றுத் திரும்பவும் கடலுக்குப் போனான். இன்று பின்னேரம் கரண்ட் போனது. உடனே அம்மாவின் போன். "பிள்ளை, அவன்ர வரி விழுந்திட்டுதோ?"

கரண்ட் வந்து கணினி எழும்பும் வரை அவ போனை வைக்கவில்லை. நானும் வைக்கச் சொல்லவில்லை. கோப்பைத் திறந்தேன். கடைசி வரி அவனுடையது, துறைமுக வாசலுக்கு நேரே.

"ஓம் அம்மா, வந்துகொண்டிருக்கிறான். உலையை வையுங்கோ."